மூச்சுக்கும் தலையெழுத்து உண்டா?

தமிழில் அறிவியல் எழுதுவோரிடம் ஒரு வாக்கியம் வெகுகாலமாகச் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. 'இந்நோய்க்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது' என்பதே அது. கோபத்துக்கு, குடிக்கு, கணிதத் திறமைக்கு, மனச்சோர்வுக்கு என்று வரிசையாக மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டு, வார இதழ்களின் கட்டம் கட்டிய செய்திகளில் குடியேறிவிட்டன. எங்கள் பக்கத்திலும் அத்தகைய மொழிபெயர்ப்புகள் வந்ததுண்டு. அவற்றைத் திருத்தாமல் ஏற்றிய பொறுப்பு எங்களுடையது. இக்கட்டுரை ஒருவகையில் அதற்கான பிராயச்சித்தமும்கூட.

நாங்கள் இங்கே எடுத்துக்கொள்வது ஆஸ்துமா. இளைப்பு, இரைப்பு, மூச்சிழுப்பு, 'வீசிங்' என்று நாம் பல பெயர்களில் அறிந்திருக்கும் நோய். ஒரே வீட்டில் ஒரு குழந்தைக்கு மழைக்காலத்தில் லேசாக இழுத்து அடங்கிவிடுகிறது. இன்னொரு குழந்தையை நள்ளிரவில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? 'அது பரம்பரை, மரபணுவிலேயே இருக்கிறது' என்ற பதில் இப்போது எல்லோர் நாவிலும் தயாராக இருக்கிறது. அந்தப் பதில் பொய்யென்று நாங்கள் சொல்லவில்லை. பாதி உண்மையை முழு விடையாக்கி, கேள்வியையே முடித்துவைக்கும் சோம்பலைத்தான் எதிர்க்கிறோம். அந்தச் சோம்பலுக்குப் பலியானவர்கள் உண்டு என்பதால் எதிர்ப்பைச் சற்று உரக்கவே சொல்கிறோம்.

*

நோயாளியின் இயல்பிலேயே நோயின் காரணத்தைக் கண்டுபிடித்துவிடும் பழக்கம் மரபணுவோடு தோன்றியதன்று. இலக்கிய வாசகர்கள் நன்கறிந்த ஆஸ்துமாக்காரர் மார்செல் ப்ரூஸ்த். 1871இல் பிறந்த அவருக்கு ஒன்பதாவது வயதில் முதல் கடும் மூச்சுத்திணறல் வந்தது. தந்தை அத்ரியன் ப்ரூஸ்த் பெயர்பெற்ற மருத்துவர். காலரா ஐரோப்பாவுக்குள் நுழையாமல் தடுக்கும் ஏற்பாடுகளுக்காக உழைத்தவர். நரம்புத் தளர்ச்சிக்காரர்களின் சுகாதாரம் பற்றி 1897இல் நூல் எழுதிய இருவரில் ஒருவர். அக்காலத்து மருத்துவம் ஆஸ்துமாவை நரம்பு நோயாகவே கண்டது. அதிநுட்பமான மனம், பலவீனமான நரம்பு, அதனால் மூச்சுத்திணறல். இந்த விளக்கம் இலக்கியத்துக்கு மிகவும் தோதாக அமைந்துவிட்டது. இன்றுவரை நம் விமர்சகர்கள் ப்ரூஸ்தின் நீண்ட வாக்கியங்களில் மூச்சிரைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். 1910இல் தன் படுக்கையறைச் சுவர்களுக்குத் தக்கை அடித்துக்கொண்ட, தூசுக்கும் மகரந்தத்துக்கும் அஞ்சி ஜன்னல்களை அடைத்துவைத்த அந்த மனிதருக்கு, பாரிஸ் தெருவின் காற்றைப் பற்றித் தெளிவான கருத்து இருந்தது என்பதை எளிதாக மறந்துவிடுகிறார்கள்.

நரம்புக்குப் பிறகு தாயின் முறை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சிகாகோவின் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ரான்ஸ் அலெக்சாண்டரும் அவருடைய சகாக்களும் ஆஸ்துமாவை மனம் உடலில் எழுதும் ஏழு நோய்களில் ஒன்றாகச் சேர்த்தார்கள். ஆஸ்துமாக் குழந்தையின் இரைப்பு, தாயை நோக்கி எழுந்து அடக்கப்பட்ட அழுகை என்று அவர்கள் விளக்கினார்கள். கவித்துவமான வாசகம்தான். அதன் விளைவு அத்தனை கவித்துவமானதன்று. அமெரிக்காவின் டென்வர் நகரில் கடும் ஆஸ்துமா கொண்ட குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து மாதக்கணக்கில் பிரித்துவைக்கும் சிகிச்சை நடந்தது. மர்ரி பெஷ்கின் என்ற மருத்துவர், உறுப்பை வெட்டி அகற்றும் அறுவைக்கு வழங்கும் விகுதியைப் 'பெற்றோர்' என்ற சொல்லோடு ஒட்டி அதற்கு ஒரு பெயரும் சூட்டினார். பல குழந்தைகள் அங்கே தேறவும் செய்தார்கள். பெற்றோரைப் பிரிந்தபோது அவர்கள் பழைய வீட்டையும், அதன் தூசையும், புகையையும், செல்லப் பிராணிகளையும் சேர்த்தே பிரிந்திருந்தார்கள் என்பது அந்தக் கோட்பாட்டின் கண்ணில் படவில்லை.

முதலில் நரம்பு, பிறகு தாய், இப்போது மரபணு. மூன்றும் ஒரே தரத்தவை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முதலிரண்டும் ஊகங்கள், மூன்றாவது ஆய்வுக்கூடத்தில் காட்டக்கூடிய மெய்ம்மை. ஆனால் பொதுப்பேச்சில் மூன்றும் செய்யும் காரியம் ஒன்றே: வீட்டுக்கு வெளியே பார்க்க வேண்டிய கண்ணை வீட்டுக்குள் திருப்பிவிடுவது.

*

மெய்ம்மை என்ன என்பதை முதலில் கறாராகச் சொல்லிவிடுவோம். 2002இல் 'நேச்சர்' இதழில் ஏடேம்33 என்ற மரபணுவைப் பற்றிய ஆய்வு வெளிவந்தது. பிரிட்டனையும் அமெரிக்காவையும் சேர்ந்த 460 குடும்பங்களை ஆராய்ந்து, இருபதாம் குரோமோசோமில் உள்ள இம்மரபணுவுக்கும் ஆஸ்துமாவுக்கும் தொடர்பு இருப்பதாக அது கூறியது. 2007இல் பதினேழாம் குரோமோசோமின் ஒரு பகுதி குழந்தைப் பருவ ஆஸ்துமாவோடு தொடர்புடையது என்று தெரியவந்தது. ஓஆர்எம்டிஎல்3 என்ற மரபணு அங்கே இருக்கிறது. 2010இல் கேப்ரியல் என்ற கூட்டமைப்பு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஆஸ்துமா நோயாளிகளையும் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயற்றவர்களையும் ஒப்பிட்டு மேலும் பல இடங்களை உறுதிசெய்தது. 2014இல் டென்மார்க் ஆய்வாளர்கள் சிறு வயதிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் அளவுக்குக் கடுமையாகும் ஆஸ்துமாவில் சிடிஎச்ஆர்3 என்ற மரபணுவின் பங்கைக் காட்டினார்கள். சளிக்காய்ச்சல் தரும் ரைனோ வைரஸில் ஒருவகை உயிரணுவுக்குள் நுழைய அந்த மரபணு ஆக்கும் புரதமே வாசல் என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது.

இவை உண்மையான அறிவுச் சாதனைகள். இவற்றால் பயனும் விளைந்திருக்கிறது. மரபணுத் தேடல்களில் மீண்டும் மீண்டும் தென்பட்ட டிஎஸ்எல்பி என்ற புரதத்தைத் தடுக்கும் டெசெபெலுமாப் என்ற மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மற்ற மருந்துகளுக்கு அடங்காத கடும் ஆஸ்துமாக்காரர் பலருக்கு அது உதவுகிறது. எங்களை அறிவியல் விரோதிகள் என்று அழைக்க ஆயத்தமாக இருப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொருமுறை வாசிக்கலாம்.

ஆனால் அதே ஆய்வாளர்கள் கூடவே சொன்ன மற்றவற்றை நம் அறிவியல் எழுத்தாளர்கள் ஏன் மொழிபெயர்ப்பதில்லை? 2010ஆம் ஆண்டு ஆய்வே, தான் கண்ட மரபணு இடங்கள் அனைத்தையும் ஒன்றுசேர்த்தாலும் யாருக்கு ஆஸ்துமா வரும் என்று முன்கூட்டிச் சொல்ல அவை போதா என்று ஒப்புக்கொண்டது. 2019இல் நடுத்தரம் முதல் கடுமை வரையிலான ஆஸ்துமாவை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தபோது, சளியின் முக்கியப் புரதமொன்றை ஆக்கும் மரபணு உட்படச் சில புதிய இடங்கள் கிடைத்தன. எனினும் பெரும்பாலானவை லேசான ஆஸ்துமாவிலும் காணப்படுபவையே. அதாவது, ஒருவனை லேசாக இரைக்க வைக்கும் மரபுக்கூறுகளும் இன்னொருவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடத்தும் மரபுக்கூறுகளும் பெருமளவு ஒன்றுதான். அப்படியானால் கடுமைக்கான விளக்கத்தில் பெரும்பகுதியை வேறெங்கோ தேடியாக வேண்டும்.

மருந்து விஷயத்திலும் இதே கதை. மூச்சுக்குழாயைத் தளர்த்தும் மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பியின் பதினாறாம் இடத்தில் ஆர்ஜினைன் இருப்பவர்களுக்கு, அம்மருந்துகளைத் தொடர்ந்து எடுத்துக்கொள்வது தீங்கு தரலாம் என்று 2004இல் ஓர் ஆய்வு எச்சரித்தது. 2009இல், நீண்டநேரம் வேலைசெய்யும் அவ்வகை மருந்தை ஸ்டீராய்டு உறிஞ்சியோடு சேர்த்துக் கொடுத்துச் சோதித்தபோது, இரு மரபணு வகையினருக்கும் நுரையீரல் ஒரேபோல் தேறியது. சரியான சிகிச்சைக்கு முன் மரபணுவின் ஜோசியம் பொய்த்தது.

*

'இரட்டையர் ஆய்வுகள் ஆஸ்துமாவில் மரபின் பங்கு பாதிக்கும் மேல் என்கின்றனவே?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சதவீதம் எதைக் குறிக்கிறது என்பதில்தான் குழப்பம். ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட மக்களிடையே காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. நோய் எதனால் உண்டாகிறது என்பதை அது சொல்வதில்லை. ஆங்கிலேய மருத்துவர் ஜெஃப்ரி ரோஸ் 1985இல் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். எல்லோரும் தினம் இருபது சிகரெட் பிடிக்கும் நாட்டில், நுரையீரல் புற்றுநோய் பரம்பரை நோய் என்றே எல்லா ஆய்வுகளும் முடிவுகட்டும். புகை எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதால் அது வேறுபாடாகத் தெரியாது. மிஞ்சுவது மரபு மட்டும். ஒரு நகரமே நச்சுக்காற்றைச் சுவாசிக்கும்போது, யார் முதலில் விழுகிறார் என்பதை மரபணு தீர்மானிக்கக்கூடும். நச்சுக்காற்று எங்கிருந்து வந்தது என்பதை அது தீர்மானிப்பதில்லை.

இதற்கு நேரெதிர்ச் சோதனையும் வரலாற்றில் கிடைக்கிறது. அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரு கிறித்தவ வேளாண் சமூகங்கள் இருக்கின்றன. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. மரபணு வழியிலும் நெருக்கமானவை. ஆமிஷ் மக்கள் குடும்பத்துக்கொரு பால்பண்ணை வைத்து, குதிரை பூட்டி உழுபவர்கள். ஹட்டரைட்டுகள் கூட்டுப்பண்ணையில் பெரும் இயந்திரங்கள் கொண்டு வேளாண்மை செய்பவர்கள். பள்ளிச் சிறாரிடையே ஆஸ்துமா முன்னவரிடம் 5.2 சதவீதம், பின்னவரிடம் 21.3 சதவீதம். 2016இல் வெளிவந்த ஆய்வில், ஆமிஷ் வீட்டுத் தூசில் பாக்டீரியா நச்சுப்பொருளின் அளவு 6.8 மடங்கு அதிகம் என்று கண்டார்கள். அந்தத் தூசை எலிகளின் மூக்கில் இட்டபோது அவற்றுக்கு ஆஸ்துமா போன்ற நிலை வராமல் தடுத்தது; ஹட்டரைட் தூசு தடுக்கவில்லை. மாட்டுத் தொழுவத்தின் அருகாமை நான்கு மடங்கு வித்தியாசத்தை உண்டாக்குகிறதென்றால், 'எல்லாம் மரபணு' என்று சொல்பவர் எந்த மரபணுவைக் காட்டுவார்?

இன்னும் விசித்திரமானது, மேலே சொன்ன பதினேழாம் குரோமோசோம் பகுதி. அங்கே ஆபத்தான வடிவத்தைக் கொண்ட குழந்தைகளுக்குச் சிறு வயதில் சிகரெட் புகை பட்டால் ஆபத்து கூடுகிறது. அதே வடிவத்தைக் கொண்ட குழந்தைகள் கால்நடைத் தொழுவங்களுக்கு அருகில் வளர்ந்தால் மூச்சிரைப்பு அவர்களிடம் குறைகிறது என்று ஐரோப்பியப் பண்ணைக் குழந்தைகளிடம் 2016இல் கண்டார்கள். ஒரே எழுத்து, ஒரு காற்றில் சாபம், இன்னொரு காற்றில் வரம். சூழலைச் சொல்லாமல் இந்த மரபணுவை நல்லது என்றோ கெட்டது என்றோ எழுத வழியே இல்லை.

*

இதெல்லாம் சொற்களைப் பற்றிய சச்சரவுதானே, இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. நுரையீரலின் திறனை அளக்கும் ஊதுமானியை 1846இல் லண்டனில் அறிமுகப்படுத்தியவர் ஜான் ஹட்சின்சன். ஆயுள் காப்பீட்டுக்கு வருபவரின் உடல்நிலையைக் கணிக்க அது உதவும் என்பதும் அவருடைய எண்ணங்களில் ஒன்று. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அக்கருவி சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவரின் கைக்குப் போயிற்று. அடிமைகள் தப்பியோடுவதையே ஒரு நோய் என்று 1851இல் பெயரிட்டவர் அவர். கறுப்பரின் நுரையீரல் இயற்கையிலேயே சிறியது என்று அக்கருவியைக் காட்டி அவர் வாதிட்டார். உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்களை அளந்து பெஞ்சமின் கோல்ட் 1869இல் வெளியிட்ட பெரும் அட்டவணை அந்த வாதத்துக்கு எண்களின் கௌரவத்தைத் தந்தது. அந்த நுரையீரல்கள் எத்தகைய வாழ்க்கையிலிருந்து வந்தவை என்ற கேள்வி அட்டவணையில் இடம்பெறவில்லை.

இது பழங்கதை அன்று. 1978இல் பஞ்சாலைத் தூசு பற்றி அமெரிக்க அரசு வகுத்த தொழிலகப் பாதுகாப்பு விதி, கறுப்பினத் தொழிலாளிக்கு எதிர்பார்க்கப்படும் நுரையீரல் அளவை 0.85ஆல் பெருக்கச் சொன்னது. இந்தக் கணக்கைச் சற்றுப் போட்டுப் பார்ப்போம். ஒரே வயதும் உயரமும் கொண்ட இரு தொழிலாளிகளுக்கு எதிர்பார்க்கப்படும் அளவு 4 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஊதியது 2.9 லிட்டர். வெள்ளையருக்கு அது 72.5 சதவீதம்; பஞ்சுத் தூசு நுரையீரலைத் தின்றிருக்கிறது என்று மருத்துவர் எழுதுவார். கறுப்பருக்கு எதிர்பார்ப்பு 3.4 லிட்டராகக் குறைக்கப்படுவதால் அதே 2.9 லிட்டர் 85 சதவீதமாகிவிடும். எண்பதைத் தாண்டியதால் அவர் நலம். ஒரே மூச்சு, இரண்டு தீர்ப்புகள். 1999இல் பால்டிமோர் நீதிமன்றத்தில் கல்நார் வழக்கொன்றில், கறுப்பினத் தொழிலாளிகள் நட்டஈடு கோர வேண்டுமானால் இன்னும் கடுமையான அளவுகோலைத் தாண்ட வேண்டும் என்று ஒரு நிறுவனம் இதே தர்க்கத்தை முன்வைத்தது. லண்டி ப்ரவுன் 2014இல் எழுதிய நூல் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது.

ஆப்பிரிக்க வம்சாவளியின் பங்கு கூடுமிடத்தில் நுரையீரல் அளவு சராசரியில் குறைவதை மரபணுக் குறிகளைக் கொண்டே காட்டிய 2010ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று உண்டு. அதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் வம்சாவளியோடு கூடவே வறுமையும், நெடுஞ்சாலையோர வீடும், குறைந்த எடையில் பிறப்பதும் பயணம் செய்கின்றன. கலிஃபோர்னியாவின் எட்டு நகரங்களில், 1930களில் வங்கிக் கடனுக்கு லாயக்கற்றவை என்று வரைபடத்தில் சிவப்பு மை பூசப்பட்ட பகுதிகளில், ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவோர் விகிதம் மிகச் சிறந்தவை என்று குறிக்கப்பட்ட பகுதிகளைவிட 2.4 மடங்கு என்று 2020இல் ஓர் ஆய்வு கண்டது. காணப்படும் சராசரியை இயற்கை நியதி என்று எழுதிவைத்துவிட்டால், அநியாயம் ஆரோக்கியத்தின் இலக்கணமாகிவிடும். அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2023இல் இன அடிப்படையிலான சமன்பாடுகளைக் கைவிடும்படி பரிந்துரைத்தது. ஹட்சின்சனின் கருவிக்குப் பிறகு ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. உலகெங்கும் பயன்படுவதற்காக 2012இல் வகுக்கப்பட்ட சமன்பாடுகளில் இந்தியத் துணைக்கண்டத்துக்குத் தனிப் பிரிவு இல்லை. நாம் 'மற்றையோர்' வரிசையில் நின்றோம். அந்தச் சமன்பாடு ஓடும் கருவியில் ஊதிவிட்டு வந்த தமிழர் எவருக்கும் தம் நுரையீரல் யாருடைய சராசரியோடு ஒப்பிடப்பட்டது என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

*

கடைசியாக ஒரு சிறுமி. எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா. லண்டனின் தென்கிழக்கே லூயிஷம் பகுதியில், வாகனங்கள் ஓயாத தென்வட்டச் சாலைக்கு அருகில் வாழ்ந்தவள். 2010இல் அவளுக்கு ஆஸ்துமா தொடங்கியது. இரண்டரை ஆண்டுகளுக்குள் 25 முறைக்கும் மேல் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். 2013 பிப்ரவரியில் இறந்தாள், வயது ஒன்பது. 2014இல் நடந்த மரண விசாரணை, கடும் ஆஸ்துமாவால் நேர்ந்த மூச்சுச் செயலிழப்பு என்று எழுதி முடித்தது. காற்று அங்கே விசாரிக்கப்படவில்லை. தாய் ரோசமண்ட் விடவில்லை. 2019இல் உயர் நீதிமன்றம் முதல் தீர்ப்பை ரத்துசெய்தது. 2020 டிசம்பரில், காற்று மாசு அவளுடைய மரணத்துக்குப் பங்களித்தது என்று இரண்டாவது விசாரணை தீர்ப்பளித்தது. பிரிட்டனில் ஒரு தனிமனிதரின் மரணக் காரணத்தில் காற்று மாசு இவ்வாறு இடம்பெற்றது அதுவே முதல்முறை. மாசின் ஆபத்தைப் பற்றித் தாயிடம் யாரும் சொல்லவில்லை என்பதையும் தீர்ப்பு குறித்தது. சொல்லியிருந்தால் வீட்டையாவது மாற்றியிருப்பார்.

எல்லாவின் ஆஸ்துமா மிக அபூர்வமான, மிகக் கடுமையான வகை என்பதை எவரும் மறுக்கவில்லை. அவளுடைய உடலில் ஏதோவொரு மரபுக்கூறு அவளை மற்றவர்களைவிட எளிதில் தாக்குண்ணச் செய்திருக்கலாம். அப்படி இருந்தாலும் அது அந்தச் சாலையை விடுதலை செய்துவிடாது. எளிதில் உடையக்கூடியது என்று தெரிந்த பாத்திரத்தை அதிகக் கவனத்தோடு அல்லவா வைக்க வேண்டும்?

மருத்துவமனைக்கு அவள் போய்வந்த நாட்களையும் அருகிலிருந்த காற்றளவு நிலையத்தின் பதிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மாசுக்கும் மரணத்துக்கும் உள்ள தொடர்பைச் சொன்ன நிபுணர் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் ஹோல்கேட். 2018இல் அவர் தந்த அறிக்கையே வழக்கை மீண்டும் திறக்க வைத்தது. இந்தப் பெயரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தேடினோம். 2002இல் ஏடேம்33 மரபணுவை அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் அவர். ஆஸ்துமாவின் மரபணுவைத் தேடிச் சென்ற மனிதரே, ஒரு சிறுமியின் மரணத்தில் காற்றைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். மரபணுவை உண்மையில் அறிந்தவருக்கு இரண்டும் முரணாகத் தோன்றவில்லை. முரணாகத் தோன்றுவது, அவருடைய முதல் கட்டுரையை மட்டும் செய்தியாக்கிவிட்டு நின்றுவிடும் நமக்குத்தான்.

1909இல் டென்மார்க்கின் வில்ஹெல்ம் ஜொஹான்சன் 'ஜீன்' என்ற சொல்லை உருவாக்கியபோது, வழிவந்ததையும் வெளித்தோன்றுவதையும் பிரித்துக்காட்ட இரு வேறு சொற்களைக் கூடவே தந்தார். தமிழில் நாம் 'மரபு' என்ற கனமான சொல்லை அதன் தலையில் ஏற்றினோம். தொன்மை, மாறாமை, மீறக்கூடாமை எல்லாம் அச்சொல்லோடு சேர்ந்து வந்துவிட்டன. சொல்லை மாற்றச் சொல்லவில்லை, அது வேரூன்றிவிட்டது. ஆனால் 'மரபணுவில் இருக்கிறது' என்று எழுதும் ஒவ்வொருமுறையும், அடுத்த வாக்கியத்தில் 'எந்தக் காற்றில்?' என்றும் எழுத வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. இனி எங்கள் பக்கத்துக்கு வரும் கட்டுரைகளில் அந்த இரண்டாவது வாக்கியம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிரசுரிப்போம்.